வைவாவில் 'ஏன் எஃப்பிஜிஏ?' என்று கேட்டால்

ஈசிஇ கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கிற சர்க்யூட்டை நாமே வேண்டியபடி அமைத்துக்கொள்ளும் சிப்) எடுத்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு இது. வைவாவிலும் சரி, அப்புறம் விஎல்எஸ்ஐ (சிப் டிசைன்) வேலைக்குப் போன இன்டர்வியூக்களிலும் சரி, என்னிடம் சுற்றிச் சுற்றிக் கேட்டது ஒன்றுதான்: இதையே மைக்ரோகன்ட்ரோலரில் (கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டும் சின்ன கம்ப்யூட்டர் சிப்) செய்தால் என்ன? 'எஃப்பிஜிஏ வேகமானது' என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. மாணவர் டிசைன்கள் பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான் ஓடும், கையில் இருக்கிற செல்போன் ப்ராசசரின் க்ளாக் அதைவிடப் பல மடங்கு.

நம்ம ஊர் வேலையை வைத்தே கணக்குப் போடலாம். கோயமுத்தூர் பம்ப் மோட்டாருக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ட்ரைவ் செய்கிறீர்கள், பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து அளவைக் கட்டுப்படுத்தும் முறை) 20 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 50 மைக்ரோசெகண்ட். 168 மெகாஹெர்ட்ஸ் கன்ட்ரோலருக்கு அதற்குள் 8,400 க்ளாக் கிடைக்கிறது. தாராளம். இங்கே எஃப்பிஜிஏ வைப்பது காசுக்குக் கேடு.

திருப்பூரில் பனியன் துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டையையும் நீடில் லைனையும் (ஊசிக் கோளாறால் விழும் கோடு) பிடிக்கிற கேமரா வேறு கதை. வரிக்கு 4,096 பிக்சல், செகண்டுக்கு 20,000 வரி என்று வைத்துக்கொண்டால் 8 கோடி பிக்சலுக்கு மேல் வருகிறது, அதே கன்ட்ரோலருக்கு ஒரு பிக்சலுக்கு இரண்டே க்ளாக்தான் மிஞ்சும், ஆனால் ஒரு பிக்சலைச் சுற்றியுள்ள 8 பிக்சலோடு சேர்த்துக் கணக்கிடும் சாதாரண 3×3 ஃபில்டருக்கே 9 பெருக்கல், 8 கூட்டல் வேண்டும். எஃப்பிஜிஏவில் முந்தைய இரண்டு வரிகளை ப்ளாக் ரேமில் (சிப்புக்குள்ளேயே இருக்கிற மெமரி) நிறுத்தி, 9 பெருக்கிகளையும் ஒரே நேரத்தில் வேலை செய்யவிட்டு பைப்லைன் (ஒரு பிக்சல் முடியும் முன்பே அடுத்ததை உள்ளே விடும் வரிசை) போட்டால், க்ளாக்குக்கு ஒரு பிக்சல் விடாமல் வெளியே வரும். 100 மெகாஹெர்ட்ஸே போதும்! பேசிஸ் 3 என்ற எஃப்பிஜிஏ போர்டில் இருக்கிற ஆர்டிக்ஸ்-7 சிப்பில் 90 டிஎஸ்பி ஸ்லைஸ் (பெருக்கல் செய்யும் பகுதி), 50 ப்ளாக் ரேம் இருக்கின்றன. இந்த ஃபில்டருக்கு 9ம் 2ம் எடுத்துக்கொண்டால் ஆச்சு. இந்தக் கணக்கை வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டுங்கள், எந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினரும் கவனித்துக் கேட்பார்.

ஜிபியு (கிராஃபிக்ஸ் ப்ராசசர்) ஏன் கூடாது என்பார்கள். அது மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்தால்தான் திறமையைக் காட்டும், மின்சாரமும் அதிகம் கேட்கும். பிக்சல் வரவர உடனே முடிவு வேண்டும், தாமதம் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றால் எஃப்பிஜிஏதான். 2021இல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் செவ்வாயில் இறங்கும்போது கீழே தெரிந்த தரையை வரைபடத்தோடு ஒப்பிட்ட வேலையில் எஃப்பிஜிஏவுக்குப் பங்கு உண்டு. ஏசிக் (ஒரே வேலைக்கென்று தனியாகத் தயாரிக்கும்) சிப் லட்சக்கணக்கில் விற்கிற பொருளுக்குக் கட்டும், சில நூறு மெஷினுக்கு சிப் தயாரிப்புக்கான மாஸ்க் அச்சின் செலவே எழ விடாது.

கடைசியாக, போர்டில் எல்ஈடி எரிந்ததும் முடிந்தது என்று எழுந்துவிடாமல், எஃப்பிஜிஏ டிசைன் சாஃப்ட்வேரான விவாடோவின் டைமிங் ரிப்போர்ட்டை ப்ரின்ட் எடுத்துப் போங்கள். டபிள்யூஎன்எஸ் (மிக மோசமான பாதையில் மிஞ்சும் நேரம்) மைனஸில் இருந்தால் அந்த க்ளாக்கில் டிசைன் சரியாக ஓடும் என்று நம்ப முடியாது. வெளியிலிருந்து வரும் பட்டன், சென்சார் சிக்னல்களுக்கு இரண்டு ஃப்ளிப்ஃப்ளாப் சின்க்ரனைசர் (சிக்னலை நம் க்ளாக்கோடு ஒத்துப்போக வைக்கும் சர்க்யூட்) போட்டிருக்கிறீர்களா என்பதையும் அதற்கு முன்னாடியே பார்த்துவிடுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.