18ஆம் எண்ணின் ஆகஸ்ட்

ஜூலை 24, 2025, வியாழன்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடும் சிகாகோ பேர்ஸ் அணியின் பயிற்சி முகாம் இந்த வாரம் லேக் ஃபாரஸ்ட்டில் ஆரம்பித்துவிட்டது. இன்னும் யாரும் தோள் கவசம்கூட மாட்டவில்லை. அதற்குள் காலையில் கார் ரேடியோவில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், 18ஆம் எண் சட்டைக்காரர் கேலப் வில்லியம்ஸ் பயிற்சியில் எத்தனை பாஸ் தவறவிட்டார் என்று பஞ்சாயத்து வைக்கிறார்கள். எதிரே நின்றது சொந்த அணியின் தடுப்பாட்டக்காரர்கள்தான். அந்தப் பந்தைத் தட்டிவிட்டவர்களும் நம் ஆட்கள்தானே, அதற்குச் சந்தோஷப்படலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த ஊர்க்காரர்களின் தீராத வயிற்றெரிச்சல் ஒரு எண். ஒரு சீசனில் பந்தை எறிந்தே அணியை 4,000 யார்டு முன்னேற்றிய குவார்ட்டர்பேக் ஒருவரைக்கூடப் பார்க்காத அணி, 32 அணிகளில் பேர்ஸ் மட்டும்தான். 1995இல் எரிக் கிரேமர் எறிந்த 3,838தான் 2024 சீசன் வரை அணியின் உச்சம். அப்போது கேலப் பிறக்கவே இல்லை. அவரோ தானாக வாயைத் திறந்து சொல்லிவிட்டார்: 4,000 தாண்ட வேண்டும், எறிவதில் 70 சதவீதமாவது கை சேர வேண்டும். போன வருஷம் எடுத்தது 3,541 யார்டு, 62.5 சதவீதம்.

4,000 ஒன்றும் இமயமலை இல்லை என்பதுதான் என் எண்ணம். 17 ஆட்டத்துக்குப் பிரித்தால் ஆட்டத்துக்கு 235 சொச்சம். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ஆள்கூட, பின்தங்கியதால் எறிந்து எறிந்தே அதைத் தொட்டுவிடலாம். ஆனாலும் தான் படாத கடனை அடைக்க ஒரு 23 வயசுப் பையன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு

போன சீசனின் கணக்கை இன்று உட்கார்ந்து பார்த்தேன். வேறு வேலை இல்லை, வெளியே வெயில்.

68 முறை கேலப்பைப் பந்தோடு சேர்த்துக் கீழே தள்ளியிருக்கிறார்கள். லீக் வரலாற்றில் ஒரே சீசனில் இதைவிட அதிகம் விழுந்தவர்கள் இருவர்தான். அதில் முதலாமவர் டேவிட் கார், 2002இல் ஹூஸ்டனுக்காக 76 முறை. அவரும் கேலப் மாதிரியே டிராஃப்ட்டில், அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வில், முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அந்த அடிக்குப் பிறகு, எதிர்பார்த்த உயரத்துக்கு அவர் போகவே இல்லை.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அதே சீசனில் கேலப் தொடர்ந்து 353 பாஸ்களை எதிராளி கையில் கொடுக்காமல் எறிந்தார். அறிமுக ஆட்டக்காரர்களில் அது சாதனை. முதல் எண்ணும் இந்த எண்ணும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கம் என்று எனக்குப் படுகிறது. பந்தை விடத் தயங்குகிறவன் பறிகொடுப்பது குறைவு, விழுவது அதிகம். அவரைக் காக்க முன்னால் நிற்கும் தடுப்புச் சுவர் ஓட்டையாக இருந்ததும் உண்மை, ஆள் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றதும் உண்மை. ரேடியோவில் இரண்டில் ஒன்றைத்தான் பேசுவார்கள்.

நடுவில் நவம்பரில் தாக்குதல் ஆட்டத்தின் பயிற்சியாளரை நீக்கினார்கள், நன்றி கூறும் நாளுக்கு மறுநாள் தலைமைப் பயிற்சியாளரையும் அனுப்பினார்கள். பத்து ஆட்டம் வரிசையாகத் தோல்வி. 5 வெற்றி, 12 தோல்வி. ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இப்படி.

ஆகஸ்ட் 2, சனி

திருச்சியிலிருந்து சித்தப்பா மகன் பேசினான். "ஏண்ணே, பதினோரு பேர் ஆடுறாங்க, எதுக்கு ஒருத்தனையே எல்லாரும் திட்டுறீங்க?" நியாயமான கேள்விதான். கேப்டன், தொடக்க ஆட்டக்காரர், விக்கெட் கீப்பர் மூவரையும் ஒரே ஆளாகப் பிசைந்து, ஒவ்வொரு பந்தையும் அவனே ஆட வேண்டும் என்று வைத்துக்கொள் என்றேன். "தோனி மாதிரியா?" என்றான். தோனியும் பாதி நேரம் பெவிலியனில் உட்கார்ந்திருந்தார்தானே என்றதும் கொஞ்சம் யோசித்தான்.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். ஒரு ஆட்ட நகர்வு முடிந்ததும் கடிகாரம் 40இலிருந்து இறங்க ஆரம்பிக்கும். குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. கவசத்தின் பின்புறப் பச்சைப் புள்ளிதான் அதற்கு அடையாளம். பயிற்சியாளர் அதில் அடுத்த நகர்வைச் சொல்வார். யார் எங்கே நிற்க வேண்டும், யார் குறுக்கே நகர வேண்டும், தடுப்புச் சுவர் எந்தப் பக்கம் சாய வேண்டும், யார் எந்தப் பாதையில் ஓட வேண்டும், எல்லாம் ஒரே மூச்சில் வரும் நீளமான வாசகம். கடிகாரம் 15ஐத் தொட்டதும் ஸ்பீக்கர் செத்துவிடும். அதற்குப் பிறகு ஆள் தனி.

அந்த வாசகத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் பத்துப் பேருக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். எல்லாரையும் கோட்டுக்கு நடத்திப் போக வேண்டும். எதிரணியின் பின்வரிசை எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அவர்கள் வேஷம் போட்டு நிற்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் அங்கேயே நகர்வை மாற்றிக் கத்த வேண்டும். பிறகு எந்தக் குரலுக்குப் பந்து கைக்கு வரும் என்ற தாளக்கட்டு. அதில் குரல் கொஞ்சம் தடுமாறினாலும் நம் ஆளே முன்னால் பாய்ந்து ஐந்து யார்டு அபராதம் வாங்கித் தருவான். இத்தனைக்கும் அப்புறம்தான் பந்து கைக்கே வருகிறது. வந்தபின் கிடைப்பது இரண்டரை, மூன்று வினாடி.

புதுப் பயிற்சியாளர் பென் ஜான்சன் இந்த இடத்தில்தான் குடைச்சல் கொடுக்கிறார். டெட்ராய்ட்டில் அவர் வகுத்த ஆட்டத்தில் பந்து கிளம்பும் முன்பே ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். கூடிப் பேசுவது சீக்கிரம் முடிந்தால்தான் அதற்கு நேரம் இருக்கும். முகாமின் ஆரம்பத்திலேயே, கோட்டுக்கு வந்து நிற்பதில் குளறுபடி என்று முதல் அணியையே களத்தைவிட்டு வெளியேற்றினார். தப்பு நடந்தால் கையை விரித்துக்கொண்டு நிற்கும் குவார்ட்டர்பேக் எனக்கு வேண்டாம் என்ற பொருளில் முன்பே சொல்லியும் வைத்திருக்கிறார். கல்லூரியில் பெரும்பாலும் பின்தள்ளி நின்று, பார்த்து, ஓடி, சர்க்கஸ் காட்டிப் பெயர் வாங்கிய பையன். அவரைப் பிடித்து, முதலில் ஒழுங்காக வாசகத்தைச் சொல் என்று உட்காரவைத்திருக்கிறார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. 4,000க்குப் போகும் வழி இந்த 25 வினாடியில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

கிளீவ்லாந்து அணி ஒரு தனிக் கூத்து. நாலு குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு முகாம் நடத்துகிறார்கள்: 40 வயது ஜோ ஃப்ளாக்கோ, கென்னி பிக்கெட், புதியவர்கள் டில்லன் கேப்ரியல், ஷெடூர் சாண்டர்ஸ். சாண்டர்ஸ் 144ஆவது ஆளாக, ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். அந்த இடத்தில் எடுக்கப்படும் பையன்களின் பெயர் அவர்கள் தெருவைத் தாண்டாது. இவருக்கோ அப்பா முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸ். நேற்று இரவு கரோலைனாவுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் எறிந்த 23இல் 14 கை சேர்ந்தன, இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது). இன்று காலை முழுக்க, இவரையே முதல் ஆளாக இறக்கு என்று ஒரே கூச்சல்.

அதற்கு முந்தைய நாள் இண்டியானாபோலிஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஆந்தனி ரிச்சர்ட்சன் பால்டிமோரில் விரல் பிசகி வெளியே போனார். 2023இல் நாலாவது ஆளாக வந்தவர், இரண்டு வருஷத்தில் காயங்களுக்கு நடுவே 15 ஆட்டம்தான் தொடங்கியிருக்கிறார். அவரைப் பற்றி ஒரு கூச்சலும் இல்லை. யாரும் உன்னைப் பற்றிச் சண்டை போடாமல் விட்டுவிடுவதும் இந்தத் தொழிலில் ஒரு தண்டனைதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நேற்று மயாமியுடன் 24-24. சீசனுக்கு முந்தைய இந்தப் பயிற்சி ஆட்டங்களில் கூடுதல் நேரம் கிடையாது, சமனிலேயே வீட்டுக்குப் போகலாம். கேலப் இறங்கவே இல்லை. ஏன் இறக்கவில்லை, தயாராகவில்லையா, மறைக்கிறார்களா என்று இன்று முழுக்க ஆராய்ச்சி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு இரவு

இறக்கினார்கள். சோல்ஜர் ஃபீல்டில் பஃபலோவுக்கு எதிராக, முதல் வாய்ப்பிலேயே 92 யார்டு நடத்திப் போய், கடைசியில் ஒலமீட் ஜக்கியஸுக்கு 36 யார்டு எறிந்து டச்டவுன். மொத்தம் 10க்கு 6, 107 யார்டு. ஆட்டம் 38-0. பஃபலோவின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார் என்பதை யாருக்கும் ஞாபகப்படுத்திப் பிரயோஜனமில்லை. பக்கத்து வீட்டில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு ஹோட்டல் போடலாமா என்கிறார்கள். பாதிதான் விளையாட்டுக்கு.

எனக்குப் பிடித்தது அந்த எறி அல்ல. அதற்கு முன்னால் நேரம் மீதமிருக்க, கூடிப் பேசும் கூட்டம் கலைந்து எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

கிளீவ்லாந்து தன் முதல் குவார்ட்டர்பேக்காக ஃப்ளாக்கோவை அறிவித்துவிட்டது. இண்டியானாபோலிஸ் ரிச்சர்ட்சனை ஒதுக்கி டேனியல் ஜோன்ஸைப் பிடித்துக்கொண்டது. ரிச்சர்ட்சனுக்கு 23 வயது.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால் காசுதான். டிராஃப்ட்டில் வரும் பையனின் சம்பளம் ஒரு அட்டவணைப்படி கட்டுப்பட்டது. கேலப் நாலு வருஷத்துக்கு வாங்குவது சுமார் 39.5 மில்லியன் டாலர். டாலஸின் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் சராசரியாக ஒரே வருஷத்துக்கு 60 மில்லியன். ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு இந்த வருஷம் 279.2 மில்லியன். ஆக, குவார்ட்டர்பேக் சல்லிசாக இருக்கும் நாலைந்து வருஷத்துக்குள் மிச்சப் பணத்தைக் கொட்டிச் சுற்றிலும் ஆள் சேர்த்து ஜெயித்துவிட வேண்டும். பேர்ஸ் அதைத்தான் செய்தார்கள். தடுப்புச் சுவரின் நடுப்பகுதியையே மாற்றி ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் மூவரையும் கொண்டுவந்தார்கள். போன வருஷம் கேலப்புக்காகப் பரிந்து பேசியவர்களும் இப்போது, சுவர் கட்டிக் கொடுத்தாச்சு, இனி உன் பாடு என்கிறார்கள். வசதி செய்து கொடுப்பது, குற்றம் சொல்ல உரிமை வாங்குவது மாதிரியும் ஆகிவிடுகிறது.

ஆகஸ்ட் 23, சனி

கான்சஸ் சிட்டியில் 29-27 வெற்றி. கேலப் 15க்கு 11, ரோம் ஒடுன்ஸேவுக்கு ஒரு டச்டவுன்.

இந்த வாரம் என் மனசில் நின்றவர் பேர்ஸின் மாற்று குவார்ட்டர்பேக் டைசன் பேஜன்ட். மேற்கு வர்ஜீனியாவின் ஷெப்பர்ட் பல்கலைக்கழகம், இரண்டாம் பிரிவுக் கல்லூரி. டிராஃப்ட்டில் யாரும் தொடவில்லை. 2023இல் நாலு ஆட்டம் தொடங்கினார், இரண்டு ஜெயித்தார். இப்போது இரண்டு வருஷத்துக்கு 10 மில்லியன் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். செய்தியாளர்கள் முன் பேசும்போது கண் கலங்கிவிட்டது. அவரிடம் 4,000 பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேலப் அழுதிருந்தால் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இருந்திருக்காது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

90 பேரை 53 ஆக்கும் நாள். சாயங்காலத்துக்குள் எல்லா அணியும் பட்டியலைக் கொடுத்தாயிற்று. பிக்கெட்டை நேற்றே கிளீவ்லாந்து லாஸ் வேகஸுக்கு அனுப்பிவிட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பிட்ஸ்பர்க் 34, நியூயார்க் ஜெட்ஸ் 32. 41 வயது ஆரன் ராட்ஜர்ஸ் தன்னைக் கழற்றிவிட்ட அணிக்கு எதிராக நாலு டச்டவுன் எறிந்தார். எதிரே நன்றாகவே ஆடித் தோற்றவர் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். 2021இல் இதே சிகாகோ தூக்கிக் கொண்டாடிய பையன். கேலப்புக்கு இடம் விட, ஆறாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்காகக் கைமாற்றப்பட்டவர். ஒரு சட்டையைக் கழற்றியதும் பாரம் இறங்கிவிடுகிறதோ என்னவோ. டேனியல் ஜோன்ஸ் மயாமியை 33-8 என்று நொறுக்கியிருக்கிறார். முன்பு நியூயார்க் ஜயன்ட்ஸில் அவர் ஆடியபோது கிண்டல் செய்தவர்கள் இன்று வாய் திறக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று இரவு மினசோட்டா 27, பேர்ஸ் 24.

முதல் பத்துப் பாஸும் கை சேர்ந்தன. முதல் வாய்ப்பில் அவரே ஓடி டச்டவுன். மூன்றாம் கால்பகுதி முடிவில் 17-6. எதிரணியின் ஜே.ஜே. மெக்கார்த்தி இங்கே பக்கத்து லா கிரேஞ்ச் பார்க்கில் வளர்ந்த பையன். போன ஆகஸ்ட் பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் போய் ஒரு சீசனே உட்கார்ந்திருந்தவர், நேற்றுதான் முதல் ஆட்டம். அவருக்குப் பதில் ஆடி 14 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த சாம் டார்னல்டை அனுப்பிவிட்டு இவரை நம்பியது மினசோட்டா. மூன்று கால்பகுதி வரை அந்த முடிவு பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது; எறிந்த ஒரு பந்தைப் பேர்ஸ் பறித்துக்கொண்டு ஓடி டச்டவுனே எடுத்தார்கள். கடைசிக் கால்பகுதியில் அதே பையன் இரண்டு எறிந்து, ஒன்று ஓடி, மூன்று டச்டவுன்.

கேலப்பின் மொத்தக் கணக்கு 35க்கு 21, 210 யார்டு. பத்துக்குப் பத்துக்குப் பிறகு 25க்கு 11. கால் பரபரக்க ஆரம்பித்தது, ஆள் திறந்து நிற்கும்போதே பந்து அவன் தலைக்கு மேல் போனது. அபராதக் கொடிகள் வேறு மழையாக விழுந்தன. அலுவலகத்தில் பல வருஷமாக சீசன் டிக்கெட் வைத்திருக்கும் பெரியவர் இன்று மதியம் ஒரே கேள்விதான் கேட்டார்: மெக்கார்த்தியை நாம் ஏன் எடுக்கவில்லை? டிராஃப்ட் அன்று கேலப்பின் சட்டையை முதலில் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை டெட்ராய்ட், ஜான்சன் விட்டுவந்த ஊர். மூடிய கூரைக்குள் ஆட்டம், அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. குரல் எடுபடாத இடத்தில் தாளக்கட்டை எப்படி வைத்துக்கொள்கிறார்கள், கூட்டம் எத்தனை வினாடி மிச்சம் வைத்துக் கலைகிறது என்றுதான் பார்க்கப் போகிறேன். ஸ்கோர் எப்படியும் திங்கள் காலை ரேடியோவில் காது கிழியச் சொல்லிவிடுவார்கள்.