கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் கண் டாக்டர்

டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் யாராவது அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணா, ரயில்வேல டிரைவர் ஆகணும். எந்த புக் வாங்கட்டும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கண்ணாடி போடுறியா?"

ஈரோட்டில் அசிஸ்டென்ட் லோகோ பைலட்டாக, அதாவது ரயில் உதவி டிரைவராக, இருக்கிறேன். ரயில்வே ஆளெடுப்பு வாரியமான ஆர்.ஆர்.பி. நடத்தும் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். உட்கார்ந்து படித்தால் தாண்டிவிடலாம். அடுத்து வரும் ஆப்டிடியூட் டெஸ்ட் எனும் திறன் சோதனையில் ஒவ்வொரு பகுதியிலும் 42 ஸ்கோர் வேண்டும், ஒன்றில் குறைந்தாலும் அவ்வளவுதான். அதற்கும் பழகிக்கொள்ளலாம். ஆனால் கடைசியில் வரும் ஏ-1 மெடிக்கல் எனும் உடல் தகுதிச் சோதனைக்கு என்ன படிப்பது? கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6, அதாவது முழுப் பார்வை, இருக்க வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் எனும் லேசர் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இடமில்லை. நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தாலும் இல்லை. தேறாதவருக்கு மாற்று வேலையும் தர மாட்டார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் எல்லாவற்றையும் தாண்டிப் போனான். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டியபோதுதான், பச்சையும் சிவப்பும் தனக்குக் குழம்புகிறது என்பதே அவனுக்குத் தெரிந்தது.

இந்தக் கறார் ஏன் என்று கூட்ஸ் வண்டியில் ஒரு ராத்திரி வந்தால் புரியும். தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் நான் அதன் நிறத்தை, "டபுள் எல்லோ" (இரண்டு மஞ்சள் விளக்கு) என்பதுபோல், சத்தமாகச் சொல்ல வேண்டும். டிரைவரான லோகோ பைலட் அதையே திருப்பிச் சொல்வார். மழையில் இன்ஜினின் முன்கண்ணாடி மங்கினாலும் இதில் விலக்கு இல்லை. கொஞ்ச நேரம் எந்தக் கைப்பிடியையும் தொடாமல் இருந்தால் நாங்கள் விழிப்பாக இருக்கிறோமா என்று பார்க்கும் விஜிலன்ஸ் கருவி கத்தும். அப்போதும் அசையாவிட்டால் பிரேக் தானே பிடித்துவிடும்.

சம்பளத்தைப் பற்றியும் கேட்பார்கள். அடிப்படை 19,900, அதோடு ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ற படி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டியூட்டிக்கு அழைப்பு ராத்திரி ஒரு மணிக்கும் வரும். டியூட்டியில் சேரும் லாபியில், குடித்திருக்கிறோமா என்று பார்க்கும் மூச்சுக் கருவியில் ஊதிவிட்டு ஏறினால், தூக்கம் வேறு ஊரில் ரன்னிங் ரூம் எனும் ஓய்வு அறையில், அதுவும் பட்டப்பகலில். பல இன்ஜின்களில் கழிப்பறை கிடையாது. பெண்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள்; அவர்கள் பாடு இன்னும் மோசம்.

ஸ்டேஷன் மாஸ்டருக்கும் கண்ணாடி ஆகாது; அது ஏ-2 மெடிக்கல், கண்ணாடி இல்லாமல் 6/9 பார்வை வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் டிக்கெட் கிளார்க், அக்கவுண்ட்ஸ் பக்கம் பாருங்கள். தெருப் பையன் இப்போது அக்கவுண்ட்ஸ் கிளார்க் வேலைக்குத்தான் படிக்கிறான். அதற்கு ப்ளஸ் டூ போதும், நிறச் சோதனையும் இல்லை. நிமிடத்துக்கு 30 ஆங்கில வார்த்தை டைப் அடிக்க வேண்டும். அதுதான் அவனுக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.