உச்சிப்புளி ஓடுபாதை: போர்க்காலத் தளத்தை வெளியிலிருந்து படிப்பது எப்படி

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற எல்லோரும் உச்சிப்புளியைக் கடந்துதான் போகிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 87-இல் பேருந்தில் போனாலும் சரி, வாலாந்தரவை தாண்டி ரயிலில் போனாலும் சரி, கண் முழுக்கப் பாம்பன் பாலத்தின் மேலேயே இருக்கும். உச்சிப்புளி ஓர் ஊர்ப்பெயராக மட்டும் கடந்து போய்விடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று இந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்று அது இந்தியக் கடற்படையின் வான்தளம், பெயர் ஐ.என்.எஸ். பருந்து. முன்பு சிறு கடற்படை வான்பிரிவாக இருந்தது, 2009 மார்ச்சில் முழுத் தளமானது. 2012-இல் ஆளில்லா விமானப் படைப்பிரிவு ஒன்றும் இங்கே வந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உள்ளே போக முடியாது. சுவருக்கு வெளியே நின்று கைபேசியில் படமெடுப்பதும் கூடாது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டப்படி படைத்தளங்கள் தடை செய்யப்பட்ட இடங்கள். ட்ரோன் எண்ணமே வேண்டாம். ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் எந்தப் பகுதி சிவப்பு, அதாவது பறக்கத் தடை, என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காவலரிடம் போய் "பழைய ரன்வே எங்கே?" என்று கேட்பதும் உதவாது. அவருக்கு அது சந்தேகம், உங்களுக்கு அரை நாள் வீண். அப்படியானால் எதற்குப் போவது? இந்தத் தளத்தின் பெரும்பகுதியை வீட்டில் வரைபடத்தின் மேலேயே படித்துவிடலாம். மிச்சத்தை இந்தக் கரையின் மற்ற இடங்கள் கற்றுக்கொடுக்கும்.

ஓடுபாதை ஏன் இங்கே என்பதற்குக் காலமும் இடமும் சேர்ந்து பதில் சொல்கின்றன. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரல் 5-இல் கொழும்பு தாக்கப்பட்டது, 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வாங்கின, 9-இல் திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதுவரை போரிலிருந்து தொலைவில் இருந்த தென்னிந்தியா ஒரே வாரத்தில் முன்வரிசைக்கு வந்தது. அந்த ஆண்டு இந்தியா முழுவதற்கும் இருநூறுக்கும் மேற்பட்ட விமானத்தளங்கள் திட்டமிடப்பட்டன. கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம் ஆகிய தளங்களும் அந்தப் போர்க்காலத்தவைதான்.

இனி உச்சிப்புளியை வரைபடத்தில் பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுங்கிக்கொண்டே போகும் நிலம். கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கி.மீ. பாக் நீரிணையில் ஆழம் குறைவு, பெரிய கப்பல் நுழையாது, இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். இரண்டு கடலையும் ஒரே இடத்திலிருந்து வானில் ஏறிப் பார்ப்பதற்கு இதைவிட வசதியான நிலம் இந்தக் கரையில் குறைவு.

திசைக்கும் காரணம் உண்டு. பிரிட்டனில் கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்காகக் கட்டிய 'ஏ' வகுப்புத் தளங்களில் மூன்று ஓடுபாதைகள் முக்கோணமாக வெட்டிக்கொள்ளும். அங்கே காற்று எந்தப் பக்கமும் திரும்பும். நம் கரையில் ஆண்டை ஆள்வது இரண்டே பெருங்காற்று: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து, நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை. இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டின் இரு முனைகள். அந்தக் கோட்டை ஒட்டிப் போட்ட ஒரே பாதை இரண்டு பருவத்துக்கும் போதும். செயற்கைக்கோள் படத்தின் மேல் கோணமானி வைத்து, பாதை வடக்கிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். கிடைக்கும் எண்ணைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கினால் ஓடுபாதையின் எண் வந்துவிடும். ஓடுபாதை எண் காந்த வடக்கைக் கொண்டு கணக்கிடுவது. ஆனால் தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது என்பதால் திருத்தம் தேவைப்படாது.

வரைபட வேலைக்கு இரண்டு கருவிகள் போதும். ஒன்று, கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பு. அதில் பழைய ஆண்டுப் படங்களையும் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். மார்ச் முதல் மே வரை எடுத்த படங்களைத் தேர்ந்தெடுங்கள். மழைக்குப் பிந்தைய மாதங்களில் புல் எல்லாவற்றையும் ஒரே பச்சையாக்கிவிடும். கோடையில் மண்ணடியில் கான்கிரீட் உள்ள இடத்தில் புல் முதலில் கருகுவதால் கோடு துலங்கும். இன்னொன்று, அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் வெளியிட்ட 1:2,50,000 அளவு இந்தியத் தாள்கள். வரிசை எண் யு502, நம் பகுதி என்சி 44 தொகுதிக்குள் வரும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் குறிக்கப்பட்ட விமானத்தளங்களை இன்றைய படத்தோடு ஒப்பிட்டால், போருக்குப் பின் எது சேர்ந்தது, எது போனது என்று தெரியும்.

படத்தில் நேர்கோட்டை மட்டும் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ராமநாதபுரத்தில் நேர்கோடுகளுக்குப் பஞ்சமில்லை: உப்பளப் பாத்தி, கண்மாய்க் கரை, பழைய மீட்டர் கேஜ் பாதையின் மேடு, சாலையின் கைவிட்ட பகுதி. ஓடுபாதையைப் பிரித்துக் காட்டுவது அகலம். 'ஏ' வகுப்பு அளவில் அகலம் 50 கஜம், அதாவது சுமார் 46 மீட்டர். முதன்மைப் பாதையின் நீளம் 2000 கஜம், 1829 மீட்டர். சுற்றுப்பாதைக்கு 50 அடி, 15 மீட்டர். இந்தியத் தளங்கள் எல்லாமே அந்த நீளத்துக்குப் போடப்படவில்லை. ஆனாலும் ரயில் மேடோ சாலையோ 46 மீட்டர் அகலத்துக்கு விரியாது. அடுத்து, பக்கத்தில் சதுரமாகவோ செவ்வகமாகவோ நீர் தேங்கிய பள்ளம் இருக்கிறதா பாருங்கள். ஊருணிக்கு மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால் இருக்கும். மண்ணெடுத்த பள்ளத்துக்கு வரத்துக்கால் இருக்காது, விளிம்பு நேராக வெட்டியிருக்கும். ஓடுபாதையின் அடிமண்ணும் சரளையும் பக்கத்திலேயே தோண்டித்தான் போட்டிருப்பார்கள்.

பாதையை விட்டு விலகி வளைந்து போகும் குறுஞ்சாலையின் நுனியில் ஒரு வட்டம் தெரிந்தால் அது விமானம் நிறுத்திய இடம். ஒரே குண்டில் எல்லா விமானமும் எரியாதிருக்கத் தள்ளித் தள்ளி நிறுத்துவார்கள். அதைச் சுற்றி மண்மேடு இருந்தால் காப்பரண். வெடிமருந்துக் கிடங்கு எப்போதும் தொலைவில், தனித்தனி மேடுகளுக்கு நடுவில் இருக்கும். திசைகாட்டியைச் சரிபார்க்கத் தரையில் தட்டையாகப் போட்ட கான்கிரீட் வட்டமும் உண்டு, அதில் விமானத்தின் மூக்கைத் திருப்பித் திருப்பி அளப்பார்கள். விமானத் துப்பாக்கியின் குறியைச் சரிசெய்யச் சுட்டுப் பார்த்த தடித்த சுவரும் பல தளங்களில் மிஞ்சியிருக்கிறது. கூரையும் கதவும் இல்லாததால் திருட அதில் எதுவுமில்லை, அதனால்தான் தப்புகிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தைவிட இந்தச் சுவரைத் தேடுவதே பலன் தரும்.

கைவிடப்பட்ட தளம் ஒன்றில் கால் வைக்க அனுமதி கிடைத்தால் 30 மீட்டர் நாடா ஒன்றை எடுத்துப் போங்கள். அதில் அடி, அங்குலக் குறியும் இருக்க வேண்டும். இதுதான் காலத்தைச் சொல்லும் கருவி. கான்கிரீட் பலகைகளின் இணைப்புக்கு இணைப்பு அளந்து பாருங்கள். 10 அடி, 12 அடி, 20 அடி என்று முழு எண் விழுந்தால் பழைய வேலை. 3 மீட்டர், 4.5 மீட்டர் என்று விழுந்தால், 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிந்தைய மெட்ரிக் வேலை என்று ஊகிக்கலாம். ஒரே பலகையை அளந்து முடிவு கட்டக் கூடாது. விளிம்புகள் உடைந்திருக்கும், ஒட்டுப் போட்டிருப்பார்கள். வரிசையாகப் பத்துப் பலகையாவது அளந்து, மொத்தத்தைப் பத்தால் வகுங்கள். இணைப்பில் தார் நிரப்பியிருக்கிறதா, உடைந்த விளிம்பில் தடிமன் எத்தனை அங்குலம், உள்ளே தெரிவது கருங்கல் ஜல்லியா சரளையா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். படமெடுக்கும்போது நாடாவும் படத்துக்குள் இருக்கட்டும். மேடு பள்ளம் தெரிய வேண்டுமானால் காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் எடுங்கள். சாய்ந்த வெயிலில் அரை அடி மேடும் நிழல் விழுத்தும்.

இந்தக் கரையில் போர்க்காலக் கட்டடம் ஏன் நிற்பதில்லை என்பதற்குப் பாடம் தனுஷ்கோடியில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22, 23 இரவில் அடித்த புயலில் அழிந்த ஊர் அது. போருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ரயில் நிலையத்தின் மிச்சத்தைப் போர்க்கால இடிபாடு என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே தேவாலயத்தின் பவளக்கல், சுண்ணாம்புச் சுவரைப் பாருங்கள். கூரை போனபின்னும் நிற்கிறது. அதில் இரும்பு கிடையாது. கம்பி வைத்த கான்கிரீட்டுக்குள் உப்புக்காற்றின் குளோரைடு மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துரு தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளுவதால் கான்கிரீட் நீளவாக்கில் பிளந்து உதிரும். கடல்மணலும் உவர்நீரும் கலந்து அவசரத்தில் போட்ட கலவையானால் வெளியிலிருந்து உப்பு வரக் காத்திருக்கவும் வேண்டாம். தரையில் கிடக்கும் கம்பியில்லாப் பலகை பிழைக்கும், கம்பி வைத்த கூரையும் உத்தரமும் முதலில் போகும். எனவே இந்தக் கரையில் கட்டடத்தைவிடத் தரையையே தேட வேண்டும். அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. மாலையில் திரும்பிவிட வேண்டும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

தரைக்கும் எதிரி உண்டு, சீமைக் கருவேலம். இணைப்புகளில் தார் காய்ந்து விழுந்ததும் விதை இறங்கும், வேர் பலகையை நெம்பும். அதைவிடக் கேடு மரத்தைப் பிடுங்கும் விதம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு மாவட்டமெங்கும் ஜேசிபி வைத்துத் தூரோடு பெயர்த்தார்கள். வயலுக்கும் கண்மாய்க்கும் அது சரியாகலாம். பழைய கான்கிரீட் இருக்கும் இடத்தில் தூரோடு பலகையும் பெயர்ந்து வரும். இங்கே மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்து, தூரைக் காயவிடுவதுதான் முறை. முள் கனத்த காலணியையும் துளைக்கும், வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். கல்லைக் கையால் புரட்ட வேண்டாம், சுருட்டைவிரியன் அடியில் இருக்கும். உருளையான துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும், வெடிக்காத குண்டாக இருக்கலாம் என்பதால், தொடாமல் விலகி 112-ஐ அழையுங்கள்.

பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை தன் பழைய மேற்பரப்பை ஒவ்வொரு புதுத் தாருக்கும் அடியில் புதைத்துக்கொண்டே போகும். உச்சிப்புளியில் நடந்திருக்கக்கூடியது அதுதான். புதைந்தது அழிந்ததாகாது, அடியில் பத்திரமாகவே இருக்கலாம். பழைய மேற்பரப்பை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் தேவிபட்டினம், ஆர்.எஸ். மங்கலம், தேவகோட்டை வழியாகக் காரைக்குடிக்குப் போய் செட்டிநாடு விமானத்தளத்தைத் தேடலாம். 1985-இல் சிவகங்கை பிரியும் வரை அதுவும் ராமநாதபுரம் மாவட்டம்தான். அங்கே கால்நடைப் பண்ணை நடக்கிறது. பண்ணை அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேட்டு, மாடுகளின் மேய்ச்சலுக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தில் போங்கள்.

இந்தச் சுவடுகளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் பொதுவாக நூறு ஆண்டு கேட்கின்றன. 1942-இல் போட்ட கான்கிரீட்டுக்கு அந்த வயது 2042-இல்தான் வரும். அதற்குள் ஜல்லிக்காக உடைப்பதையும் வீட்டடியில் மூடுவதையும் தடுக்கச் சட்டத்தில் பிடியில்லை. ஆகவே அளவுகளைப் பதிவு செய்வது இப்போதே நடக்க வேண்டிய வேலை.

அதில் யாரும் செய்யக்கூடிய, அனுமதியே தேவைப்படாத பகுதி நிலப்பதிவு. போர்க்காலத்தில் 1939-ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசு நிலம் கையகப்படுத்த முடிந்தது. போருக்குப் பின் சிலது திரும்பியது, சிலது அரசிடமே தங்கியது. தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் வருவாய்க் கிராமத்தைத் தேர்ந்து, புல எண் (சர்வே எண்) கொடுத்தால், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டு விவரமும் புலப்பட வரைபடமும் கிடைக்கும். பக்கத்து வயல்களெல்லாம் துண்டுதுண்டாக இருக்க, ஒரு புலம் மட்டும் நீண்டு, அகலம் மாறாமல், அரசு நிலம் என்ற குறிப்போடு கிடந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். பழைய நில அளவைப் பதிவேடு அவரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ இருக்கும். அதைப் பார்க்கக் கேட்கும் மனுவில் புல எண், கிராமம், வட்டம் மூன்றையும் எழுதுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் எழுதினால் மனு திரும்பி வரும்.