எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்: கை வைத்திருக்கக் கூடாத இடம் ரேம்

2020 நவம்பரில் கேம் கன்சோல்களான சோனியின் பிஎஸ்5-உம் (பிளேஸ்டேஷன் 5) மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் கடைக்கு வந்ததிலிருந்து சண்டை ஒரே எண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது. ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்று சொல்லும் டெராஃப்ளாப் அது: பிஎஸ்5-இன் 10.28 பெரிதா, சீரிஸ் எக்ஸின் 12.15 பெரிதா? அதற்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. சீரிஸ் எக்ஸில் 52 கம்ப்யூட் யூனிட் (ஜிபியுவின் கணக்குப் பிரிவுகள்) 1.825 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. பிஎஸ்5-இல் 36 தான், ஆனால் 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். நிறம், ஒளி போன்ற ஷேடர் கணக்குகளில் எக்ஸ் முந்துகிறது. முக்கோணங்களைப் பிக்சலாக மாற்றும் ராஸ்டரைசர் மாதிரி கடிகார வேகத்தை நம்பியிருக்கும் பகுதிகளில் பிஎஸ்5 முந்துகிறது. பெரும்பாலான கேம்களில் படத்தை நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும்.

இந்தத் தலைமுறையை உண்மையில் கட்டிப்போட்ட எண் வேறு. அது சீரிஸ் எக்ஸின் மலிவான தம்பியான சீரிஸ் எஸ்ஸின் 10 ஜிபி ரேம் (கேம் ஓடும்போது அதன் தரவைத் தாங்கும் நினைவகம்).

சீரிஸ் எஸ் என்ற யோசனையே தப்பு என்று சொல்பவர்கள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. சிபியு கிட்டத்தட்ட சீரிஸ் எக்ஸில் இருப்பதேதான், எட்டு ஜென் 2 (ஏஎம்டியின் சிப் வகை) கோர்கள். வேகம் மட்டும் 3.8-க்குப் பதில் 3.6 கிகாஹெர்ட்ஸ். ஜிபியுவை 20 யூனிட், 4 டெராஃப்ளாப் என்று மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். 4கே வேண்டாம், 1080 அல்லது 1440 ரெசல்யூஷன் போதும் என்பவருக்கு இது நியாயமான பேரம். பிக்சல் குறைந்தால் ஜிபியு வேலையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். இதுவரை கணக்கு சரி.

ரேமுக்கும் அதே கணக்கைப் போட்டதில்தான் கோளாறு. சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி, அதில் கேமுக்கு 13.5 ஜிபி. எஸ்ஸில் 8 ஜிபி நொடிக்கு 224 ஜிபி வேகத்திலும், மீதி 2 ஜிபி வெறும் 56 ஜிபி வேகத்திலும் ஓடும். அந்த மெதுவான 2 ஜிபி சிஸ்டத்துக்குப் போய்விட, கேமுக்குக் கிடைப்பது சுமார் 8 ஜிபி. 2022-இல் மைக்ரோசாஃப்ட் கேம் உருவாக்குபவர்களுக்கான மென்பொருள் தொகுப்பை (டெவலப்பர் கிட்) புதுப்பித்து இன்னும் சில நூறு எம்பியை விடுவித்தது. ஆனால் இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலான பள்ளம் ஐந்தரை ஜிபி.

ரெசல்யூஷனைக் குறைத்தால் இந்தப் பள்ளம் எவ்வளவு நிரம்பும்? 4கே ஃப்ரேமில் 3840×2160 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு பஃபருக்கு (ஒரு படத்தை வைத்திருக்கும் ரேம் இடம்) 33 எம்பி. 1080-இல் அதுவே 8.3 எம்பி. ஒரு கேம் இப்படிப் பத்து பஃபர் வைத்திருந்தாலும் மிச்சமாவது கால் ஜிபிதான். வெளிச்ச வீச்சை அதிகமாகக் காட்டும் எச்டிஆர் பஃபர்கள் பிக்சலுக்கு 8 பைட் எடுக்கும் என்று கணக்கை இரட்டிப்பாக்கினாலும் அரை ஜிபியைத் தாண்டாது. மீதி ஐந்து ஜிபியை எங்கிருந்து எடுப்பது?

எதிரிகளின் ஏஐ, அனிமேஷன் டேட்டா, ஒலி, இயற்பியல் கணக்குக்கான மெஷ்கள் (பொருட்களின் வடிவ வலைகள்), உலகத்தில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்ற நிலவரம் எதுவுமே ரெசல்யூஷனைப் பார்த்துச் சுருங்குவதில்லை. ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து நிழலும் பிரதிபலிப்பும் வரையும் ரே டிரேசிங்குக்கு, கதிர் எதில் படுகிறது என்று தேட உதவும் பிவிஎச் மரமும் அப்படித்தான். 720-இல் ஓடினாலும் 4கே-யில் ஓடினாலும் காட்சியில் இருக்கும் முக்கோணங்கள் அதே எண்ணிக்கை. எஸ் பதிப்புகளில் ரே டிரேசிங் முதலில் காணாமல் போவதற்கு ஜிபியு மட்டும் காரணமல்ல.

ஆக, அடி முழுக்க டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்) மேல் விழுகிறது. 4096×4096 டெக்ஸ்சர் ஒன்று பிசி7 (BC7) முறையில் சுருக்கினால் 16 எம்பி, மிப்மேப்களையும் (தூரத்தில் காட்ட வைத்திருக்கும் சிறிய நகல்கள்) சேர்த்தால் சுமார் 21 எம்பி. முழு அளவிலான மேல் மிப்பை மட்டும் வெட்டினால் 5.3 எம்பிக்கு இறங்கிவிடும். முக்கால் பங்கு மிச்சம் என்பதால் எல்லோரும் முதலில் கை வைப்பது இங்கேதான். அன்ரியல் என்ற கேம் எஞ்சினில், டெக்ஸ்சருக்கென ஒதுக்கிய ரேம் இடமான ஸ்ட்ரீமிங் பூல் அளவைக் குறைப்பார்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால், கேமரா திரும்பும்போதெல்லாம் எஞ்சின் ஒரு டெக்ஸ்சரைத் தூக்கி எறிந்து இன்னொன்றை ஏற்றிக்கொண்டே இருக்கும். சுவரின் அருகே போய் நின்ற பிறகும் செங்கல் சில நொடிகள் மங்கலாகவே தெரிந்து, பிறகு சட்டென்று தெளிவது இதனால்தான்.

ஜிபியு பற்றாக்குறைக்கும் ரேம் பற்றாக்குறைக்கும் உள்ள முக்கியமான வித்தியாசத்தை விவாதங்களில் யாரும் பேசுவதில்லை. ஜிபியு திணறினால் ஃப்ரேம் ரேட் 60-லிருந்து 52-க்கு இறங்கும். ரெசல்யூஷனைத் தானாகக் குறைக்கும் டைனமிக் ரெசல்யூஷன் அதையும் சமாளித்துவிடும். ரேம் ஒரு எம்பி போதாமல் போனாலும் கேம் அப்படியே விழுந்துவிடும். சராசரி உபயோகம் 7 ஜிபி என்பதெல்லாம் பயன்படாத தகவல்; பார்க்க வேண்டியது உச்சம். ஃபாஸ்ட் டிராவல் செய்யும்போது (வரைபடத்தில் தொலைவான இடத்துக்கு நேராகத் தாவும்போது) பழைய இடம் முழுவதும் வெளியேறுவதற்குள் புதிய இடம் உள்ளே வருகிறது. மோசமான தருணம் அதுதான், கேமின் மொத்த வடிவமைப்பும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமில் நடந்தது இதுதான். ஒரே திரையை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட் ஸ்கிரீனில் இரண்டு பேர் வரைபடத்தின் இரண்டு மூலைக்குப் போகலாம். அப்போது இரண்டு இடங்களின் மாடல்களும் டெக்ஸ்சர்களும் ஆட்களும் ஒரே நேரத்தில் ரேமில் இருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் பிஎஸ்5-க்கு வந்த கேம், எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது. அதுவும் எக்ஸில் இருக்கும் வசதிகள் எஸ்ஸிலும் இருக்க வேண்டும் என்ற விதியை மைக்ரோசாஃப்ட் தளர்த்தி, எஸ்ஸில் ஸ்பிளிட் ஸ்கிரீன் இல்லாமல் வெளியிட ஒப்புக்கொண்ட பிறகு. அந்த வசதி எஸ்ஸுக்கு வந்தது 2025 ஏப்ரலில், எட்டாவது பேட்ச்சோடு. பிளாக் மித்: வுகாங் என்ற கேம் 2024 ஆகஸ்ட் 20-இல் பிஎஸ்5-க்கு வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு சரியாக ஒரு வருடம் கழித்து. அதை உருவாக்கிய கேம் சயின்ஸின் தலைவர் வெளிப்படையாகவே எஸ்ஸின் 10 ஜிபி ரேமைக் குறிப்பிட்டார். சீரிஸ் எக்ஸ் வாங்கியவரும் இந்தக் காத்திருப்பில் மாட்டிக்கொண்டார் என்பதுதான் என் பெரிய வருத்தம்.

பழைய கேம்களிலும் இதன் தடம் உண்டு. 2017-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ், 12 ஜிபியில் 9 ஜிபியைக் கேமுக்குக் கொடுத்தது. எஸ்ஸால் அது முடியாது. அதனால் ஒன் எக்ஸுக்காக மெருகேற்றிய பதிப்புகள் எஸ்ஸில் ஓடாது. வலுக் குறைந்த பழைய பெட்டியான ஒன் எஸ்ஸின் பதிப்புதான் ஓடும்.

இதைத் தவிர்க்க எவ்வளவு செலவாகியிருக்கும்? எஸ்ஸின் 10 ஜிபி என்பது 2 ஜிபி ஜிடிடிஆர்6 (கிராஃபிக்ஸுக்கான ரேம் வகை) சிப் ஐந்து. ஆறாவது சிப் ஒன்றும், அதற்கான 32 பிட் மெமரி பாதையும் சேர்த்திருந்தால் 12 ஜிபி. வேகமும் ஒரே சீராக நொடிக்கு 336 ஜிபி. சிப் விலையோடு டையின் (சிப்பின் சிலிக்கான் துண்டு) ஓரத்தில் கொஞ்சம் இடமும் போகும், போர்டு வடிவமைப்பும் சற்று சிக்கலாகும். 299 டாலர் என்ற விலைக்கு அது இடித்திருக்கும். ஆனால் அந்த 299 நிலைத்ததா? அமெரிக்காவில் 2025 மே மாதம் 379.99, அக்டோபரில் 399.99. டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5 2020-இல் அறிமுகமான விலை 399.99. இந்தியாவில் அறிமுக விலைகள் எஸ்ஸுக்கு 34,990 ரூபாய், டிஜிட்டல் பிஎஸ்5-க்கு 39,990. ஐந்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் ஜிபியு இரண்டரை மடங்கு, ரேம் 6 ஜிபி கூடுதல்.

சோனி விலையைக் குறைத்த விதத்தைக் கவனியுங்கள். டிரைவை மட்டும் எடுத்தது, சிப்பையும் ரேமையும் தொடவில்லை. டெவலப்பருக்கு எல்லா பிஎஸ்5-உம் ஒரே பெட்டிதான். 2024-இல் பிஎஸ்5 ப்ரோ கொண்டுவந்தபோதும் 16 ஜிபியோடு சிஸ்டத்துக்கென்று தனியாக 2 ஜிபி டிடிஆர்5 ரேம் வைத்து, கேமுக்கான இடத்தைக் கூட்டினார்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச் 2 இன்னும் நல்ல சான்று. டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்தால் சுமார் 3 டெராஃப்ளாப், ரேம் வேகம் நொடிக்கு 102 ஜிபி. இரண்டிலும் எஸ்ஸை விடக் குறைவு. ஆனால் 12 ஜிபியில் 9 ஜிபி கேமுக்கு. சைபர்பங்க் 2077 முதல் நாளிலேயே அதில் ஓடியது. கையடக்கப் பெட்டியான ஸ்டீம் டெக் 1.6 டெராஃப்ளாப்தான், ஆனாலும் வால்வ் 16 ஜிபி வைத்தது.

மைக்ரோசாஃப்ட்டுக்கே இது தெரியாததல்ல. பழைய எக்ஸ்பாக்ஸ் 360-க்கு முதலில் நினைத்தது 256 எம்பி ரேம். எபிக் கேம்ஸ் நிறுவனம் தன் கியர்ஸ் ஆஃப் வார் கேமின் படங்களை இரண்டு அளவிலும் காட்டி வாதாடியது, பெட்டி 512 எம்பியோடு வெளிவந்தது. பிஎஸ்3-இல் சிபியுவுக்கும் ஜிபியுவுக்குமாகப் பிரிந்துகிடந்த 256+256-ஐ அது வருடக்கணக்கில் மிஞ்சியதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

அடுத்த தலைமுறையிலும் இரண்டு விலையில் பெட்டி விற்பதாக இருந்தால் கம்ப்யூட் யூனிட்டைக் குறைக்கட்டும், டிஸ்க் டிரைவை எடுக்கட்டும், எஸ்எஸ்டியைப் பாதியாக்கட்டும். டிரைவும் எஸ்எஸ்டியும் பிறகு வாங்கிச் சேர்க்கக்கூடியவை. ரேம் போர்டில் பற்றவைத்தது. ஏஐ சர்வர்களால் டிராம் (ரேம் சிப்) விலை ஏறிக் கிடக்கும் இந்த நேரத்தில் அதில் கை வைக்கும் ஆசை 2020-ஐ விட அதிகமாகவே இருக்கும்.