லேவியராகமமும் அப்பாவின் தாடியும்

என் வலது புஜத்தில் முட்டம் கலங்கரை விளக்கம் நிற்கிறது. நாகர்கோவிலில் குத்தியது. அரைக்கைச் சட்டைக்குள் அடங்குகிற சைஸ் என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது, எங்கள் சபையில் ரத்ததான முகாம் வைக்கும் வரைக்கும்.

சட்டைக்கையை ஏற்றியதும் நர்ஸ் அக்கா, "டாட்டூ குத்தினா ஒரு வருஷத்துக்கு ரத்தம் எடுக்க மாட்டோம் தம்பி" என்றார். கொஞ்சம் பையச் சொல்லியிருக்கலாம். பின்னால் நின்று எல்லாருக்கும் சாயா ஊற்றிக்கொண்டிருந்தது என் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். மை இருப்பது மேல்தோலுக்கு அடியில். எண்ணெய்க்கு அவ்வளவு தூரம் வழி தெரியாது. பாட்டிக்குக் குத்தியதில் வருத்தமே இல்லை. அவள் முன்கையிலேயே மங்கிப்போன பச்சை கிடக்கிறது. விலையைக் கேட்டதும்தான் நெஞ்சில் கை வைத்தாள். "ஒரு மெழுகுதிரிக்கா மக்ளே இவ்வளவு ரூபா?"

அப்பா எதுவும் பேசாமல் வேதாகமத்தில் லேவியராகமம் 19:28-ஐ விரித்து என் முன்னால் வைத்தார். உடம்பில் எழுத்து குத்தக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. நான் ஒரு வசனம் மேலே விரலை வைத்தேன். தாடியின் ஓரத்தைக் கத்தரிக்கக் கூடாதாம். தினமும் விடியக்காலையில் மழமழவென்று சவரம் செய்கிற மனுஷன் அப்பா. (இன்னும் மேலே போனால் சணல்நூலும் கம்பளிநூலும் கலந்த துணி உடுத்தக் கூடாது என்றும் வருகிறது. அதை அடுத்த சண்டைக்கு வைத்திருக்கிறேன்.)

மறுநாளிலிருந்து சவரம் நின்றது. "நான் 27-க்குக் கீழ்ப்படிஞ்சாச்சு. நீ 28-க்கு எப்பம்?" லேசரில் அழிக்கலாம், ஆனால் பல தடவை போகணும், குத்தியதைவிடச் செலவாகும் என்றேன். பாட்டி அந்த நிமிஷமே என் கட்சிக்கு வந்துவிட்டாள்.

தாடி வெள்ளையாக, திட்டுத்திட்டாக வளர்ந்தது. நாள் முழுக்கச் சொறிவார். அம்மா கெஞ்சினால், "அவன் அழிக்கட்டும், நான் வழிக்கேன்."

இதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. வடசேரிச் சந்தைக்கு மட்டிப்பழம் வாங்கப் போனோம். அப்பா கட்டியிருந்தது கருநீலக் கைலி. பழக்கடைக்காரர் எழுந்து நின்று, "சாமி, மலைக்கு என்னைக்கு?" என்று கேட்டு, இரண்டு பழம் கூடுதலாக வைத்துத் தந்தார். சபைக் கமிட்டியில் இருக்கிற அப்பா மறுக்கவும் இல்லை, பழத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகுதான் வாய் திறந்தார். "அம்மைகிட்டச் சொல்லாண்டாம், கேட்டியா?"