உறையில் நாகா, செடியில் நீட்டு மிளகாய்: தக்கலைப் பக்கத்தில் விதையிலிருந்து காரமிளகாய் வளர்த்த அனுபவம்

மிளகாய்ச் செடியில் பூ வரும்வரை விற்றவர் சொல்லைத்தான் நம்பியாக வேண்டும் என்பதை இணையத்தில் விதை விற்கும் சிலர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நாகா மிளகாய் விதை என்று நான் வாங்கிய உறையின் மேல் சுருங்கி வளைந்த சிவப்புப் பழத்தின் படமும் ‘உலகிலேயே மிகக் காரமான மிளகாய்’ என்ற வரியும் அச்சிடப்பட்டிருந்தன. அந்த வரியே காலாவதியானது. பூத் ஜொலோகியா என்ற பெயரில் அந்த மிளகாய் 10,01,304 ஸ்கோவில் (மிளகாயின் காரத்தை அளக்கும் அலகு) அளவுடன் கின்னஸ் பட்டியலில் ஏறியது 2007-இல். அதன்பின் பல இரகங்கள் அதைத் தாண்டிப் போய், 2023-இல் பெப்பர் எக்ஸ் என்ற அமெரிக்க இரகம் 26,93,000 அளவுடன் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. பழைய பெருமையைப் பெரிய எழுத்தில் போட்டவர்கள், விதை எப்போது எடுக்கப்பட்டது, எப்போது பரிசோதிக்கப்பட்டது, முளைப்புத்திறன் எவ்வளவு, குவியல் எண் என்ன என்பவற்றில் ஒன்றைக்கூடப் போடவில்லை.

முறையாக விற்கப்படும் விதை உறையில் இவை அனைத்தும் இருக்கும். சான்று பெற்ற விதையாக இருந்தால் நீல நிற அட்டையும் இருக்கும்; மிளகாயைப் பொறுத்தவரை குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 சதவீதம் என்பது விதைச் சான்றளிப்புத் தரம். வீட்டுத் தோட்டத்துக்கு விற்கப்படும் அலங்கார உறைகளில் இவற்றைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. வாங்குவதற்கு முன்பே உறையின் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

குலசேகரத்தில் இருக்கும் என் சித்தி வீட்டு ரப்பர் மரங்களின் ஓரத்தில் யாரும் நடாமலே நிற்கும் காந்தாரி என்ற சிறு காரமிளகாய்ச் செடியிலிருந்து ஒரு கை பழமும் கொண்டுவந்திருந்தேன். பறவைகளுக்கு மிளகாயின் எரிச்சல் தெரிவதில்லை என்பதால் அவை பழத்தை முழுதாக விழுங்கி விதையை ஊரெல்லாம் பரப்புகின்றன. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் காந்தாரிகளில் பாதிக்கு இப்படித்தான் பிறப்பு. நான் உறை வாங்கிய செய்தியைக் கேட்டதும், “பழத்த கண்ணால பாக்காம விதை வாங்கலாமா மக்களே” என்று சித்தி கேட்டார். அப்போது அது பழைய காலத்துப் பேச்சாகத்தான் எனக்குப் பட்டது.

விதைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் தூளில் புரட்டி, கால் அங்குல ஆழத்தில் குழித்தட்டில் இட்டால் போதும். குளிர்நாட்டுக்காரர்கள் காணொளிகளில் காட்டும் சூடேற்றும் விரிப்பெல்லாம் நமக்கு வேண்டாத செலவு. 25 முதல் 30 பாகை வரையிலான வெப்பத்தை மாசி மாதம் இலவசமாகவே தருகிறது. குழித்தட்டில் நிரப்பும் தென்னைநார்க் கழிவுத் தூளான கோகோபீட்டை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். உப்பு நீரில் ஊறிய கதம்பை என்ற தேங்காய் மட்டையிலிருந்து வந்த தூளாக இருந்தால் நாற்றின் இலையோரங்கள் கருகும். ஆகவே நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிவதை நீரின் நிறம் வெளுக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

உறை விதை ஒரு வாரத்துக்குள் முளைத்துவிட்டது. காந்தாரி மூன்று வாரம் காக்க வைத்தது. நாகா வகையும் பொதுவாக இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வது என்பதால், உறை விதையின் அந்த அவசரம் அப்போதே ஓர் அறிகுறியாக இருந்திருக்கிறது.

பங்குனியில் மாலைதோறும் இடியுடன் பெய்த கோடை மழைதான் முதல் அடி. காலையில் நிமிர்ந்து நின்ற நாற்றுகள் மறுநாள் தட்டில் படுத்துக் கிடந்தன. இலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூல் போல மெலிந்து பழுப்பாகியிருந்தது. இது நாற்றழுகல் நோய். விழுந்த நாற்றை மீட்க முடியாது. மீதியைக் காக்க, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றினேன். மருந்தைவிட அதிகம் உதவியது தட்டைத் தரையிலிருந்து எடுத்துச் செங்கல் மேல் வைத்ததும், மாலையில் நீர் விடுவதை நிறுத்தியதும்தான். மழை நேரடியாக விழாதபடி மேலே ஒளி ஊடுருவும் தகடு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. தென்னை ஓலை போதும் என்பார்கள். அது வெயிலை மறைக்கும், மழைத்துளியைக் கூட்டிச் சேர்த்துப் பெரிய சொட்டாக நாற்றின் தலையில் போடும்.

ஆறேழு இலை வந்த நாற்றுகளைச் சிலவற்றை முற்றத்து மண்ணிலும் சிலவற்றை மாடியில் பைகளிலும் நட்டேன். எங்கள் பக்கத்துச் செம்மண் புளிப்புத் தன்மை கொண்டது என்பதால், நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே குழிக்கு ஒரு பிடி நீற்றுச் சுண்ணாம்பைக் கலந்துவிட வேண்டும். மானிய விலையில் மாடித் தோட்டப் பைகள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ஆதார் நகலும் புகைப்படமுமாக ஓர் அலுவலகத்துக்குப் போனதில், பைகள் தீர்ந்துவிட்டன என்பதைச் சொல்லவே அரை நாள் காக்க வைத்தார்கள். போவதற்கு முன் தொலைபேசியில் இருப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். எடுக்கவில்லை என்றால் இருப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஜூனில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் முற்றத்துச் செடிகளில் ஒன்று, இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே, நடுப்பகலில் தொங்கிப் போனது. மாலையில் நிமிர்ந்தது, மறுநாள் மறுபடியும் தொங்கியது, அதற்கடுத்து நிமிரவே இல்லை. நீர் போதவில்லை என்றார் நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர். கால் வைத்தால் சேறு தெறிக்கும் மண்ணுக்கு இன்னும் நீர் விடச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர் ஒருவர் வந்து பார்த்து, செடியைப் பிடுங்கி, தண்டின் அடிப்பகுதியைச் சாய்வாக வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரூற்றி வெட்டுவாய் நீரில் முங்கும்படி பிடித்தார். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை ஒன்று கீழ்நோக்கி இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய்க்கு இதுவே வீட்டில் செய்யக்கூடிய சோதனை. பூஞ்சை வாடலாக இருந்தால் இந்த இழை வராது.

இந்த வாடலுக்குத் தெளிக்கும் மருந்து ஏதும் கிடையாது. எதை விற்றாலும் வாங்காதீர்கள். செடியை வேர்மண்ணோடு எடுத்து அகற்ற வேண்டும், அந்த வெட்டுக்கத்தியை வேறு செடியில் வைப்பதற்கு முன் கழுவிச் சுட வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் இந்த நோய் பொது என்பதால் அந்த இடத்தில் அவற்றை மறுபடியும் நடக் கூடாது. மழை மிகுந்த கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான்: மிளகாயைத் தரையில் நட வேண்டாம், பையிலோ தொட்டியிலோ வையுங்கள். தோவாளையில் இருக்கும் என் தங்கைக்கு இந்தக் கவலை இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் கிளை முறியாமல் காப்பதே அவள் பாடு, ஒவ்வொரு செடிக்கும் இரண்டு கம்பு ஊன்றிக் கட்டி வைத்திருக்கிறாள்.

மாடியில் பைகளில் நின்றவை தப்பித்தன என்று ஆறுதல் அடைந்தபோது இலைமுடக்கு வந்தது. மிளகாய் வைத்தவர் எவரும் இதிலிருந்து தப்புவதில்லை. முடங்கிய கொழுந்து ஒன்றைக் கிள்ளிக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், “எல்லா முடக்குக்கும் இதுதான் அண்ணாச்சி” என்று ஒரு புட்டியை எடுத்து வைத்தார். அடித்த சில நாட்களில் முடக்கு குறையாமல் பக்கத்துப் பைகளுக்கும் பரவியது. அந்தப் புட்டியின் சீட்டை நிதானமாகப் படித்தபோதுதான், அது காய்ப்புழுவுக்கு அடிக்கும் செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்து என்பது தெரிந்தது. அவ்வகை மருந்துகள் இலைமுடக்குக்குக் காரணமாகும் நுண்ணிய செடிச்சிலந்தியைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, ஆனால் சிலந்தியைத் தின்று வாழும் நன்மை செய்யும் பூச்சிகளைக் கொன்றுவிடுகின்றன. அதனால் சிலந்தி முன்பைவிடப் பெருகுகிறது.

கடைக்காரர் பார்க்க மறுத்தது அந்த இலை எந்தப் பக்கம் சுருண்டிருந்தது என்பதைத்தான். இலையின் இரு ஓரங்களும் மேல்நோக்கி மடிந்து தோணி போல நின்றால் அது இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் கொழுந்தைத் தட்டினால் வைக்கோல் நிறத்தில் நுண்ணிய பூச்சிகள் ஓடும். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, இலையின் அடிப்புறம் பழுப்பேறினால் அது மஞ்சள் முரணைச் சிலந்தி. வெறும் கண்ணுக்கு அது தெரியாது, பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு கண்ணாடி ஒன்று வேண்டும். இலை சிறுத்து மஞ்சள் படர்ந்து, செடியே குட்டையாகிக் கொத்தாகச் சுருங்கினால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கும் மருந்து இல்லை, பிடுங்குவதே வழி. இந்த மூன்றையும் ஒரே பெயரால் சொல்லி ஒரே புட்டியை விற்கிறார்கள்.

என் செடிகளில் இருந்தது சிலந்தி. நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 3 கிராம் வீதம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்புறம் நனையும்படி அடித்ததில் அடுத்து வந்த கொழுந்துகள் நேராக விரிந்தன. முடங்கிய பழைய இலை மறுபடியும் நேராகாது என்பதால், மருந்து வேலை செய்ததா என்பதைப் புதுக் கொழுந்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வேப்பெண்ணெய் அடித்த செடியில் இரண்டு வாரம் போகாமல் கந்தகம் அடித்தால் இலை கருகும். இதையும் எந்தக் கடையிலும் சொல்வதில்லை.

இவ்வளவுக்கும் பிழைத்து நின்ற ‘நாகா’ பூத்தது. கணுவுக்கு ஒன்றாக, தூய வெள்ளைப் பூக்கள். நம் சம்பா மிளகாயும் முண்டு மிளகாயும் சேர்ந்த இனத்தின் பூ அது. நாகா சேர்ந்த இனத்தில் ஒரு கணுவில் இரண்டு மூன்று பூக்கள் கூடி வரும், இதழில் இளம் பச்சை கலந்திருக்கும், பூக்காம்பு கீழே வளைந்திருக்கும், காய் பிடித்த பின் காம்பும் காயும் சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு நெரிவு தெரியும். காந்தாரியிலோ காய் வானம் பார்த்து நிற்கும். என் பைகளில் தொங்கியவை சந்தையில் கூறு கட்டி விற்கும் நீட்டு மிளகாய்கள்.

பூவையும் காயையும் உறையையும் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். உங்கள் மண்ணுக்கு ஏற்பக் காய் மாறியிருக்கும் என்று பதில் வந்தது. மண் காரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், இனத்தை மாற்றுமா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதை எடுத்துக்காட்டி எழுதிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் பதிவு செய்தேன். அஞ்சல் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பினார்கள். சிறிய தொகைதான், ஆனாலும் அந்தக் குறுஞ்செய்தியை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். படங்களை எடுத்து வைக்காமல் செடியைப் பிடுங்கி எறிந்திருந்தால் இது நடந்திருக்காது.

காந்தாரி இன்று வரை காய்த்துக்கொண்டிருக்கிறது. பல ஆண்டு நிற்கும் செடி அது. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவிக்கும் நாளெல்லாம் சம்மந்தி என்ற துவையலுக்கு நாலு பறித்தால் போதும். அசாமில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் முழுப் பழமாகவே காய வைத்து அனுப்பிய உண்மையான நாகாவின் நாற்றுகளும் இப்போது கணுவுக்கு இரண்டு மூன்று மொட்டாகப் பிடித்திருக்கின்றன.

அடுத்த ஆண்டுக்கு விதை எடுப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தேனீக்கள் இரகங்களைக் கலந்துவிடும் என்பதால், மொட்டு விரியும் முன்பே கிளைக்கு மெல்லிய வலைப்பை கட்டி, காய் பிடித்ததும் பையை அவிழ்த்து, அந்தக் காய்க்கு மட்டும் அடையாள நூல் கட்ட வேண்டும். நன்றாகச் சிவந்து தோல் சுருங்கத் தொடங்கிய பழத்திலிருந்துதான் விதை எடுக்க வேண்டும். காரம் விதையில் இருப்பதைவிட அதைத் தாங்கும் வெள்ளைச் சதையில்தான் அதிகம். கையுறை இல்லாமல் கீறினால், சோப்புக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவித் துடையுங்கள், வெறும் நீரால் எரிச்சல் போகாது. விதையை வெயிலிலோ அடுப்பு மேலோ உலர்த்தாமல் நிழலில் மின்விசிறிக் காற்றில் தாளில் பரப்பி, நகத்தால் வளைத்தால் வளையாமல் ஒடியும் பதத்தில் புட்டியில் அடைக்க வேண்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். அதன்பின் எங்கள் பக்கத்தில் துணியே காய்வதில்லை.