யாரு பாத்தாங்கங்கற லிஸ்ட்

நான் ஒரு என்ஜினியரிங் காலேஜ்ல கவுன்சிலரா இருக்கேன். பசங்க உள்ள வந்ததும் தூக்கம் வரல மேம், அரியர் விழுந்துருச்சு மேம்னுதான் ஆரம்பிப்பாங்க, கொஞ்ச நேரம் பேசவிட்டா போன் வெளிய வந்துரும், பாதி பேருக்கு விஷயம் ஸ்டேட்டஸ்ல போய் நிக்கும்.

ஸ்னாப்சாட்ல ஸ்டோரி வந்தது 2013, இன்ஸ்டாவுக்கு 2016, வாட்சப் ஸ்டேட்டஸ் 2017, அதனால இப்ப படிக்கற பசங்க ஸ்கூல்லயிருந்தே இதோட வளந்தவங்க. 24 மணி நேரத்துல போயிரும்ங்கற தைரியத்துல மனசுல உள்ளத போடறாங்க, அதுல நல்லதும் இருக்கு, நேர்ல வாயே திறக்காத பையன் கூட அங்க ரெண்டு வரி எழுதறான். ஆனா போஸ்ட் போனாலும் யாரு பாத்தாங்கங்கறது மனசுல அப்படியே உக்காந்துருது. இன்ஸ்டால ஸ்டோரி மறைஞ்சப்புறமும், போட்டதுலருந்து 48 மணி நேரம் வரைக்கும் அந்த லிஸ்ட்ட பாக்கலாம், பாக்கறாங்க.

ஹாஸ்டல் பொண்ணு ஒருத்தி ராத்திரி ஒரு மணிக்கு கறுப்பு பேக்ரவுண்ட்ல "போதும்"னு மட்டும் போட்டுட்டு விடியற வரைக்கும் லிஸ்ட்டயே பாத்துட்டு இருந்திருக்கா. என்கிட்ட காட்டும்போது விரல் ஒரு பேர் மேல நின்னுருச்சு, பக்கத்து கட்டில்ல படுக்கற ரூம்மேட். "பாத்துட்டா மேம், ஆனா இந்தப் பக்கம் திரும்பிக்கூட படுக்கல." அவ சரின்னு சொன்னப்புறம் அந்த ரூம்மேட்ட கூப்ட்டு பேசினேன், பாவம் அவ அழுதுட்டா, "எல்லாரும் சோகப் பாட்டு வரி போடுவாங்கல்ல மேம், இதும் அப்டித்தான்னு தள்ளிட்டேன்"ங்கறா. பொய் இல்ல அது. பிறந்தநாள் கேக், மீம், கோயில் போட்டோ, நடுவுல இது, எல்லாத்துக்கும் அதே சில செகண்டுதான், கட்டைவிரல் தானா தட்டிட்டு போயிருது.

இதுல எனக்கு ரொம்ப வருத்தம் என்னன்னா உடனே போன் அடிக்கக்கூடிய அம்மா, அக்கா, சித்தி இவங்களத்தான் முதல்ல ஹைட் பண்ணி வச்சிருக்காங்க.

வார்டன்கள் போன புடுங்கினா சரியாயிரும்ங்கறாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, அந்த ரெண்டு வரி எழுதற இடமும் போயிரும். வாட்சப்ல ரீட் ரிசீட்ட, அதான் அந்த ப்ளூ டிக்க, ஆஃப் பண்ணா ஸ்டேட்டஸ யாரு பாத்தாங்கன்னு தெரியாது, லிஸ்ட்டுக்காக ராத்திரி முழிக்கற பசங்கள்ட்ட அத மட்டும் செஞ்சு பாக்க சொல்றேன். ஒரு பையன் முதல்ல கை பரபரன்னு இருந்துச்சு மேம், அப்புறம் போட்டுட்டு தூங்கிடறேன்னு வந்து சொன்னான்.

பாக்கறவங்களுக்கு சொல்றது வேற. ஹார்ட் எமோஜி அனுப்பாதீங்க, எந்திரிச்சு போய் ரூம் கதவ தட்டுங்க, பாட்டு வரியா இருந்தா இருந்துட்டு போகட்டும். உங்களால சமாளிக்க முடியலன்னா வார்டன எழுப்புங்க, இல்ல 14416க்கு அடிங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், நடுராத்திரிலயும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. அந்த நம்பர மெஸ்ல கை கழுவற இடத்துல பெருசா ஒட்டி வச்சிருக்கேன்.